முட்டாள் எப்படி அடுக்குவான்?

லைபீரியாவின் உட்பகுதியில் வாழும் கெபெலே மக்கள், காட்டை வெட்டி எரித்து அந்தச் சாம்பல் மண்ணில் நெல் விதைப்பவர்கள். 1960களில் மைக்கேல் கோலும் அவருடைய சகாக்களுமான அமெரிக்க உளவியலாளர்கள் அங்கே போய், ஊர்க்காரர்கள் முன்னால் 20 பொருள்களைப் பரப்பி வைத்தார்கள். தின்பவை, வேலைக் கருவிகள், பாத்திரங்கள், துணிமணிகள் என நான்கு வகை. எது எதோடு சேருமோ அதை அதோடு சேர்த்து வையுங்கள் என்று சொன்னார்கள்.

ஒருவர் கத்தியை எடுத்து ஆரஞ்சுப் பழத்தின் பக்கத்தில் வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, கத்திதானே பழத்தை அறுக்கும் என்றார். இப்படியே ஒன்றுக்கு ஒன்று துணையாகச் சேர்த்துக்கொண்டு போனார். ஆய்வாளருக்கு வேண்டியிருந்தது அது இல்லை. அவர் படித்த பாடத்தில் கத்தி கருவிகளோடு போகும், ஆரஞ்சு தின்பவற்றோடு போகும். அப்படி இனம் பிரிப்பது முதிர்ந்த சிந்தனையின் அடையாளம், கத்தியையும் பழத்தையும் ஜோடி சேர்ப்பது சிறுபிள்ளைச் சிந்தனையின் அடையாளம் என்றுதான் அன்றைய அறிவுத்திறன் தேர்வுகள் மதிப்பெண் போட்டன. ஆய்வாளர் எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தார். விவசாயி அசையவில்லை. விவரம் தெரிந்தவன் இப்படித்தான் வைப்பான் என்று சொல்லிவிட்டார்.

பொறுமை இழந்த ஆய்வாளர் கடைசியில், சரி, ஒரு முட்டாள் எப்படி அடுக்குவான் என்று கேட்டார். பொருள்கள் உடனே இடம் மாறின. தின்பவை ஒரு குவியல், கருவிகள் ஒரு குவியல், பாத்திரங்கள் ஒரு குவியல், துணிகள் ஒரு குவியல். ஆய்வாளர் காலையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்த அதே நான்கு குவியல்கள்.

கோலின் சகாக்களில் ஒருவரான ஜோசப் கிளிக் 1975இல் பதிவுசெய்த இந்தச் சம்பவத்தைப் படித்துப் பல வருடங்கள் ஆகியும் என் மனதைவிட்டு அது போகவில்லை. அந்தக் கடைசிக் கேள்வி வாயில் வராமல் போயிருந்தால்? ஆய்வாளர் ஊர் திரும்பியிருப்பார். இந்த மக்களுக்கு வகைப்படுத்தும் திறன் வளரவில்லை என்று ஓர் அட்டவணையில் ஏறியிருக்கும். அட்டவணையைப் பார்த்து ஒரு பாடப்புத்தகம் எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்த ஆசிரியர் ஒருவர் கெபெலே குழந்தைகள் நிறைந்த வகுப்பறைக்குள் நுழைந்திருப்பார். அந்த விவசாயிக்கு இரண்டு முறையும் தெரியும். எது உயர்ந்தது என்பதில்தான் அவருக்கும் ஆய்வாளருக்கும் கருத்து வேறுபாடு. ஆய்வாளரோ அதைத் தன் கருத்து என்று நினைக்கவே இல்லை. அளவுகோல் என்று நினைத்தார்.

இதற்குச் சுமார் 30 வருடம் முன்பு, 1931, 32ஆம் ஆண்டுகளில், சோவியத் உளவியலாளர் அலெக்ஸாண்டர் லூரியா உஸ்பெகிஸ்தானில் இதுபோன்ற ஒன்றைச் செய்திருந்தார். சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகிய நான்கில் சேராதது எது என்று எழுதப்படிக்கத் தெரியாத விவசாயிகளிடம் கேட்டார். கட்டை என்பது எதிர்பார்த்த விடை. நான்கும்தான் வேண்டும், கட்டை இல்லாமல் மற்ற மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார் ஒருவர். வேறொருவர் கட்டை சேராது என்று சொன்னாரே என்று தூண்டிப் பார்த்தபோது, அவரிடம் விறகு நிறைய இருக்கிறதுபோல என்கிற மாதிரி பதில் வந்தது. பள்ளிக்கூடம் போய்வந்தவர்கள் வேறு மாதிரி பதில் சொன்னார்கள் என்று லூரியா கண்டது உண்மை. ஆனால் பள்ளிக்கூடம் எதை மாற்றியது? அறிவின் உயரத்தையா, கேட்பவர் மனதில் இருக்கும் விடையை ஊகிக்கும் பழக்கத்தையா? லூரியா உரையாடல்களை ஒவ்வொரு பேச்சாக எழுதிவைத்த நேர்மையாளர். அதனால்தான் அவருடைய பதிவுகளையே எடுத்து வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை இன்று கேட்க முடிகிறது.

ஒரு பதிலை வைத்து ஒரு மக்களையே எடைபோட மூளை ஏன் துணிகிறது என்பது பெரிய மர்மம் இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படியில் பிசகாத அறிவு. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும். அதே கணக்கை மனிதர்களிடமும் போட்டுப் பார்ப்பது மூளைக்குச் சிக்கனம். அந்தக் காலத்து அச்சுக்கூடங்களில் தனித்தனி எழுத்துகளாகக் கோத்த பக்கத்தை மொத்தமாக அச்செடுத்து ஒரே உலோகத் தகடாக வார்த்துவிடுவார்கள். பிறகு ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளலாம், ஆனால் ஓர் எழுத்தைக்கூட மாற்றிக் கோக்க முடியாது. அந்தத் தகட்டின் பெயர்தான் ஸ்டீரியோடைப். அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922இல் அந்தச் சொல்லை மனித மனதைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டார். நாம் முத்திரை குத்துவது என்கிறோம். லிப்மனின் சொல்லில் ஒரு கூடுதல் துல்லியம் இருக்கிறது. முத்திரை எதிராளியின் மேல் விழுகிறது. வார்த்த தகடோ பார்ப்பவரின் தலைக்குள் இருக்கிறது.

அந்தத் தகடு ஒரு குழந்தையின் பேச்சை எப்படி நிறுத்துகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டியவர் மொழியியலாளர் வில்லியம் லபோவ். 1960களின் அமெரிக்காவில், ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் மொழியே இல்லாமல் பள்ளிக்கு வருகிறார்கள் என்று கல்வி உளவியலாளர்கள் பலர் உறுதியாக நம்பினார்கள். அதற்கு ஆதாரம் நேர்காணல்கள். லபோவ் அப்படி ஒரு நேர்காணலை எடுத்துப் பிரித்துக் காட்டினார். நியூயார்க் பள்ளி ஒன்றில் ஓர் அறை. ஒரு சிறுவன், எதிரே உயரமான, நட்பான முகமுள்ள ஒரு வெள்ளைக்காரர். ஒரு பொம்மையை மேசைமேல் வைத்து, இதைப்பற்றி உனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல் என்கிறார். 12 விநாடி மௌனம். மறுபடி தூண்டுகிறார். 8 விநாடி மௌனம். ஒரு சொல் வருகிறது. மறுபடி 13 விநாடி. இன்னொரு சொல். பிறகு ஒருமுறை 20 விநாடி. என்ன நிறம் என்று கேட்டால் நிறத்தை மட்டும் சொல்கிறான்.

கையில் கடிகாரம் வைத்து 20 விநாடி எண்ணிப் பாருங்கள். எதிரே ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சின்னப் பையன் அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருப்பது எளிதே இல்லை. அதற்கு ஒரு கவனம் வேண்டும். தன் எதிரே இருக்கும் பொம்மை பொம்மைதான் என்று அந்தப் பெரிய மனிதருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறார் என்றால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது. சொல்லும் எந்தச் சொல்லும் தனக்கு எதிராகத் திரும்பலாம். வாயை மூடிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று அந்தக் குழந்தை முடிவெடுத்திருக்கிறது. அந்த முடிவை நேர்காணல் செய்தவர் மொழி இல்லாமை என்று எழுதிக்கொண்டார்.

கேட்பவரின் நிறம்தான் காரணம் என்றால் தீர்வு சுலபம். லபோவின் குழுவில் கிளாரன்ஸ் ராபின்ஸ் என்பவர் ஹார்லெமிலேயே வளர்ந்த கறுப்பினத்தவர், அந்தத் தெருக்களின் நெளிவு சுளிவு தெரிந்தவர். ஆய்வில் லியான் என்று குறிப்பிடப்படும் எட்டு வயதுச் சிறுவனை அவர் சந்தித்தார். தொலைக்காட்சி, தெருச்சண்டை என்று கேட்டுப் பார்த்தார். லியானும் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டான். நம்மவர் வந்து கேட்டால் பிள்ளை பேசிவிடும் என்பதும் ஒரு வார்த்த தகடுதான் என்று எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்.

அடுத்த முறை ராபின்ஸ் நான்கு காரியங்கள் செய்தார். உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கிக்கொண்டு போனார். லியானின் உற்ற நண்பனான இன்னொரு எட்டு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டார். நாற்காலியை விட்டு லியானின் அறைத் தரையில் உட்கார்ந்தார். ஆறடி இரண்டு அங்குல மனிதர் மூன்றரை அடி ஆகிவிட்டார் என்று லபோவ் அளந்து எழுதியிருக்கிறார். நான்காவதாக, பெரியவர்கள் முன் சொல்லக்கூடாத சொற்களைத் தானே சொல்லி, இங்கே எதையும் பேசலாம் என்று காட்டினார். இரண்டு பையன்களும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு, குறுக்கிட்டு, மறுத்து, மடக்கிப் பேசத் தொடங்கினார்கள். முதல் நேர்காணலின் லியானும் இவனும் ஒரே பையன் என்று எழுத்துப் பதிவை மட்டும் படிப்பவரால் நம்ப முடியாது. மாறியது லியானின் மொழியறிவு இல்லை. அவன் முன்னால் இருந்த மனிதரின் உயரம்.

அதே காலத்தில் இன்னொரு பக்கம், இந்தக் குழந்தைகளுக்கு மொழி கற்றுத்தர மழலையர் வகுப்புகள் நடந்தன. படத்தைக் காட்டி, அணில் எங்கே என்று ஆசிரியர் கேட்பார். குழந்தை, மரத்தில் என்று சொல்லும். அது தப்பு. அணில் மரத்தில் இருக்கிறது என்று முழு வாக்கியமாகச் சொன்னால்தான் தர்க்கம் தெரிந்த பேச்சு என்று அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் கருதினார்கள். நமக்கு இதைக் கேட்கும்போதே பழக்கமான குரல் ஒன்று காதில் விழவில்லையா? "அணில் எங்கே?" "மரத்துல சார்." "முழுசாச் சொல்லு. மரத்துல இல்ல, மரத்தில்." இயல்பான பேச்சில் அணில் எங்கே என்ற கேள்விக்கு மனிதர்கள் மரத்தில் என்றுதான் பதில் சொல்வார்கள். கேள்வியில் ஏற்கெனவே இருப்பதைப் பதிலில் விட்டுவிடுவது இலக்கணத்தின் நுட்பமான விதிகளில் ஒன்று. அது நான்கு வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. திருத்தியவருக்குத் தெரியவில்லை.

நானும் திருத்தியிருக்கிறேன். கல்லூரி முடித்த புதிதில் ஒரு கிராமத்தில் மாலை வகுப்பு எடுத்தேன். ஆடு மேய்க்கும் வீட்டுப் பையன் ஒருவன் வருவான், பத்து வயது இருக்கும். ஒருவரிடம் 25 ஆடுகள் இருந்தன, 5 ஆடுகளை விற்றுவிட்டார், மீதி எத்தனை என்று கணக்குக் கொடுத்தேன். மற்ற பிள்ளைகள் சிலேட்டை நீட்டிவிட்டார்கள். இவன் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். கழித்தல் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு விரலை மடக்கி, நிமிர்த்தி, ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுத்தேன். ஒருவாரம் அப்படி. ஒருநாள் வகுப்பு முடிந்து கூடவே நடந்து வரும்போது மெல்லக் கேட்டான். "எந்த அஞ்சு ஆடு சார்? பால்குடி மறக்காத குட்டி இருக்கிற ஆடுன்னா குட்டியோடதான் புடிச்சிட்டுப் போவாங்க. அப்ப அஞ்சு வராதே." அவனுக்கு அது 25 என்ற எண் இல்லை. கிடா, தாய், சினை, குட்டி என்று ஒவ்வொன்றும் முகமுள்ள மந்தை. கழித்தலில் எனக்கு எட்டாத சிக்கல் ஒன்றை அவன் போட்டுக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு விரல் மடக்கக் கற்றுக்கொடுத்த அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. அவன் என்னிடம் கேட்டான், அதனால் எனக்குத் தெரிந்தது. கேட்காமல் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை நான் எங்கே போய் எண்ணுவேன்?

கேள்வி என்பதே ஊருக்கு ஊர் வேறு. மானுடவியலாளர் ஷெர்லி பிரைஸ் ஹீத் அமெரிக்காவின் கரோலினா மலையடிவாரத்து ஆலைத் தொழிலாளர் ஊர்களில் 1970களின் பெரும்பகுதியைக் கழித்தவர். அதில் டிராக்டன் என்று அவர் புனைபெயர் கொடுத்த கறுப்பின ஊரில், பெரியவர்கள் குழந்தையிடம் இது என்ன நிறம், இதற்குப் பெயர் என்ன என்று கேட்பதே இல்லை. கேட்பவருக்கு விடை தெரிந்திருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும்? அவர்கள் கேட்டது, இது எதைப்போல இருக்கிறது, நேற்று என்ன நடந்தது, யார் வந்தார்கள் என்பதுபோல. ஒப்புமை சொல்வதிலும் கதை கட்டுவதிலும் அந்தக் குழந்தைகள் சூரர்கள். பள்ளிக்கு வந்தால் ஆசிரியர் ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டே இது என்ன என்கிறார். குழந்தை முழிக்கிறது. கையில் வைத்திருப்பவருக்கே தெரியாதா? ஆசிரியரின் குறிப்பேட்டில் எளிய கேள்விக்குக்கூடப் பதில் தெரியவில்லை என்று ஏறுகிறது. வெள்ளையரும் கறுப்பருமான நடுத்தர வர்க்க ஆசிரியர்களின் வீடுகளில், பேச்சு வராத குழந்தையிடமே மூக்கு எங்கே, காது எங்கே என்று கேட்டு விளையாடுவார்கள். தெரிந்த விடையைக் கேட்கும் அந்த விளையாட்டு தங்கள் வீட்டுப் பழக்கம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. குழந்தை வளர்ப்பு என்றாலே அதுதான் என்று இருந்தார்கள்.

ஹீத் இதை ஆசிரியர்களிடம் எடுத்துச் சொன்னதோடு நிற்கவில்லை. அவர்களோடு சேர்ந்து பாடத்தை மாற்றினார். ஊரின் புகைப்படங்களைக் காட்டி, இங்கே என்ன நடக்கிறது, இது எதைப்போல இருக்கிறது என்று முதலில் குழந்தைகளுக்குப் பழக்கமான கேள்விகள். அந்தப் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து, பிறகு அதே படங்களுக்குப் பள்ளிக்கூடத்துக் கேள்விகளையும் பதில்களையும் சேர்த்துக் கேட்க வைத்தார்கள். ஊமை என்று பெயரெடுத்த குழந்தைகள் வாயடிக்கத் தொடங்கினார்கள். இரண்டு வகைக் கேள்விக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியே பேசவும் கற்றார்கள்.

ஓரிகன் மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் பூர்வகுடிக் குடியிருப்பில் மானுடவியலாளர் சூசன் பிலிப்ஸ் கண்ட மௌனம் வேறு மாதிரி. அங்கே வீட்டில் ஒரு வேலையைப் பழகும் பிள்ளை நெடுநேரம் பக்கத்தில் இருந்து பார்க்கும். பிறகு யாரும் பார்க்காத இடத்தில் தானே செய்து பழகும். கை திருந்திய பிறகுதான் மற்றவர் முன் செய்யும். பள்ளியிலோ எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, தப்பு தப்பாகச் சொல்லிச் சொல்லித்தான் கற்க வேண்டும். கூப்பிட்டால் எழுந்து பேசாத அதே பிள்ளைகள், சிறு குழுவாகத் தாங்களே ஒரு வேலையைச் செய்யும்போது நன்றாகப் பேசினார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பார்ப்பவர் தலைக்குள் இருக்கும் தகடு. அது குழந்தையின் தலைக்குள்ளும் இறங்குகிறது. உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு வழிகண்டுபிடிக்கும் புதிர்ப் படங்கள் கொடுத்தார்கள். உயர்சாதி என்று கருதப்படுபவர்களில் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிகளில் 321 பேர். 15 நிமிடம். ஒரு புதிருக்கு ஒரு ரூபாய். சாதியைப் பற்றிய பேச்சே எடுக்காத குழுக்களில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் புதிர்களை முடித்தார்கள். வேறு சில குழுக்களில், தொடங்கும் முன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் உரக்க வாசித்தார்கள். அதே புதிர், அதே ஒரு ரூபாய். தாழ்த்தப்பட்ட பையன்கள் பின்தங்கினார்கள். இரு தரப்புக்கும் நடுவே கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு இடைவெளி விழுந்தது.

2006இல் வெளியான அந்த ஆய்வைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் நெஞ்சில் தைப்பது இன்னொரு பகுதி. பரிசு யாருக்கு என்பதில் மனிதர் கை இல்லாமல் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தபோது அந்த இடைவெளி மறைந்துவிட்டது. சீட்டுக்குச் சாதி தெரியாது என்பதை அந்தப் பையன்கள் அறிந்திருந்தார்கள். மனிதர் மதிப்பிட வந்தால் நமக்கு நியாயம் கிடைக்காது என்பதையும் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குள் அறிந்திருந்தார்கள். வகுப்பில் நம் பிள்ளைகளை நிற்கவைத்து உதவித்தொகைக்காகச் சாதி கேட்டு எழுதுகிறோமே, அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நடக்கும் கணக்குப் பாடத்தில் யாருடைய மனம் எங்கே இருக்கும்? அந்த விவரத்தைத் தனியாகக் கேட்டு வாங்க எந்தச் சிரமமும் இல்லை.

வீட்டுப் பேச்சைப் பள்ளி மதிக்காத சிக்கல் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் 11 குழந்தைகளின் சார்பில் வழக்கே நடந்தது. வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கறுப்பினக் குழந்தைகள் அவர்கள். லபோவ் சாட்சி சொன்னார். இந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது முறையான இலக்கணமுள்ள மொழி, அதை அடையாளம் கண்டு வாசிப்புக் கற்றுத்தர ஆசிரியர்களுக்கு வழிசெய்யுங்கள் என்று 1979இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் பள்ளி நிர்வாகத்துக்கு உத்தரவிட்டார்.

ஆனால் பிள்ளைகளின் வீட்டு வழக்கத்தைப் பற்றிய இந்த அறிவும் ஒரு தகடாக இறுகிவிடலாம். ஹவாய் பூர்வகுடிக் குழந்தைகள் வாசிப்பில் பின்தங்கியபோது, ஹொனலுலுவில் 1970களில் தொடங்கிய கமேஹமேஹா கல்வித் திட்டத்தினர் குழந்தைகள் வீட்டில் பேசுவதைக் கவனித்தார்கள். அங்கே ஒருவர் கதை சொல்லத் தொடங்கினால் இன்னொருவர் அதன்மேலேயே ஏறிப் பேசுவார், மூன்றாமவர் வாக்கியத்தை முடிப்பார். வகுப்பில் அது ஒழுங்கீனம் என்று அடக்கப்பட்டது. கை தூக்கி ஒருவர் ஒருவராகப் பேசும் முறையை விட்டுவிட்டு, வாசிப்புப் பாடத்தில் அந்தக் கூட்டுப் பேச்சை ஆசிரியர்கள் அனுமதித்தார்கள். கதையின் ஒரு பகுதியை வாசிப்பது, எல்லாருமாகப் பேசுவது, அடுத்த பகுதிக்குப் போவது. அந்தத் திட்டத்தின் ஆய்வாளர் கேத்ரின் ஆவ் 1980இல் அந்த வகுப்புகளைப் பற்றி எழுதினார். வாசிப்பு உயர்ந்தது.

அந்த வெற்றியோடு அவர்கள் 1983இல் அரிசோனா மாநிலத்தின் ரஃப் ராக் ஊருக்கு, நவஹோ பூர்வகுடிக் குழந்தைகளிடம் போனார்கள். ஹவாயில் நன்றாக நடந்தது இங்கே நடக்கவில்லை. ஆணும் பெண்ணுமாக நான்கைந்து பேர் உட்கார்ந்து உதவிக்கொள்ளும் குழுக்கள் ஹவாயில் கலகலத்தன. இங்கே அமைதியாகிவிட்டன. ஆண்பிள்ளைகள் தனியாக, பெண்பிள்ளைகள் தனியாக, இரண்டு மூன்று பேராகப் பிரித்து உட்காரவைத்த பிறகுதான் பேச்சு பிறந்தது. அந்தப் பேச்சிலும் ஒருவர்மேல் ஒருவர் ஏறவில்லை. ஒரு பிள்ளை பேசி நிறுத்தினால் மற்றவர்கள் காத்திருந்தார்கள், இன்னும் சொல்ல ஏதாவது மிச்சம் இருக்கலாம் என்று. கதையைத் துண்டு துண்டாக நிறுத்திப் பேசுவதும் அவர்களுக்கு ஒப்பவில்லை. முதலில் கதையை முழுக்க வாசித்து முடியுங்கள், அப்புறம் பேசுகிறோம் என்றார்கள். ஆசிரியர்கள் கையில் இருந்த பாடத்திட்டத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, கதையை முடிவு வரைக்கும் வாசித்தார்கள்.